பஸ்ஸின் முன் இருக்கை

பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் பயிற்சிக்குப் போன வருஷத்தில்தான் நான் என் கணவரைச் சந்தேகிக்கத் தொடங்கினேன்.

எண்பதுகளின் முற்பகுதி. எனக்கு முப்பத்திரண்டு வயது. ஈப்போவை அடுத்த லகாட் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஒன்பது வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர்ப் பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட ஆரம்பித்திருந்தார்கள். குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஈப்போவுக்குக் கிளம்பின. வகுப்பில் காலி நாற்காலிகள் கூடிக்கொண்டே போயின. சிறப்புக் கல்விப் பயிற்சிக்கு ஆசிரியர்கள் வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது தலைமையாசிரியர் அதை என் மேசையில் வைத்து, "எழுதிப் போடுங்க டீச்சர். இங்கயே இருந்தா அடுத்த வருஷம் யாரை எங்க தூக்கிப் போடுவாங்கன்னு சொல்ல முடியாது" என்றார். சேவை மனப்பான்மை எல்லாம் ஒன்றும் இல்லை. பயத்தில்தான் விண்ணப்பித்தேன்.

பயிற்சி கோலாலம்பூரில், ஒரு வருஷம். விடுதியில் தங்கிப் படித்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து, ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் நான் போவதற்கு அவர் தடை சொல்லவில்லை. "போய்ட்டு வாமா, நான் பாத்துக்கிறேன்" என்றார். அவ்வளவு சுலபமாகச் சொன்னாரே என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன்.

எங்கள் விரிவுரையாளர் ஐம்பதைத் தாண்டிய மலாய்க்கார அம்மா. மெதுவாகப் பேசுவார், ஒரு வார்த்தை வீண்போகாது. முதல் வாரத்திலேயே அவர் சொன்னது இது. "பிள்ளை சொல்வதை எழுதாதீர்கள். பெற்றோர் சொல்வதை எழுதாதீர்கள். பிள்ளையின் கை எங்கே போகிறது, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்த இடத்தில் கால் தயங்குகிறது, அதை எழுதுங்கள்." ஒவ்வொருவரும் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருந்தோம். காலையில் புள்ளி எழுத்தைக் குத்திப் பழகுவோம். வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். மாலையில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்போம். மற்ற நேரமெல்லாம் மனிதர்களைக் கவனிக்கிற வேலைதான்.

அந்தப் பழக்கத்தை நான் வீட்டுக்கும் கொண்டு வந்தேன்.

என் கணவர் பெக்டரி பஸ் ஓட்டினார். விடியுமுன் லகாட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு ஈப்போவில் உள்ள ஒரு துணி ஆலைக்குக் கொண்டு போவார். பிற்பகல் மூன்று மணிக்கு அவர்களைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவார். ஐந்தரைக்கெல்லாம் வீட்டில் இருப்பார். முன்பெல்லாம் சனிக்கிழமை இரவு படத்துக்குப் போவோம், கடையில் சாப்பிட்டுவிட்டு வருவோம். அந்த வருஷம் எதற்குக் கூப்பிட்டாலும் அலுப்பு என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் லூமுட்டுக்குப் போனோம். மீன் வாங்கிக்கொண்டு கடலோரம் கொஞ்சம் உட்காரலாம் என்று நினைத்திருந்தேன். மூன்று மணிக்கே எழுந்துவிட்டார்.

"இப்பவே என்னங்க அவசரம்?"

"மழை வரும் போல இருக்கு."

வானத்தில் ஒரு மேகம் இல்லை. யாரோ அவருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றியது.  

அதற்கப்புறம்தான் பழைய பள்ளியில் என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருத்தி பாசாரில் என்னைப் பார்த்தாள். காய் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரர் பஸ்ல ஒரு பொம்பளை எப்பவும் முன்னால ஒக்காந்து வாரா, தெரியுமாக்கா? டிரைவர் பக்கத்துல, இன்ஜின் மூடி மேல ஒரு மெத்தையப் போட்டு. அது அவளோட எடம்னே ஆயிடுச்சு. வேற யாரும் ஒக்கார்றதில்ல. வழியெல்லாம் ரெண்டு பேரும் பேச்சுதான்."

"யாரு?"

"புருஷன் விட்டுட்டுப் போனவ. ஒரு பொம்பளப் புள்ள இருக்கு. நான் ஒண்ணும் தப்பா சொல்லலக்கா. காதுல விழுந்ததைச் சொன்னேன்."

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது ஒரு நாள் முன்னதாகவே வந்தேன். பிற்பகலில் லகாட் சிம்பாங்கில், பஸ் திரும்புகிற அந்த முச்சந்தியில், ஒரு சீனர் காப்பிக் கடையில் போய் உட்கார்ந்தேன். பஸ் வந்தது. அந்தப் பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். சிவப்புக் கம்பளிச் சட்டை. உடம்பை அவர் பக்கம் சாய்த்து ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார். மறுபடி சொன்னாள். மறுபடி தலையாட்டினார். என்னிடம் வீட்டில் ஒரு நாளில் பேசுகிற பேச்சை அந்த ஒரு வளைவுக்குள் அவர் கேட்டு முடித்துவிட்டார் போலிருந்தது. நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்து நேரத்தை எழுதினேன். ஏன் எழுதினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. கை அப்படிப் பழகியிருந்தது.

பள்ளி விடுமுறைக்கு முன் விரிவுரையாளர் ஓர் ஆய்வு தொடங்கினார். பார்வைக் குறைவால் பள்ளியிலிருந்து நின்றுபோன பிள்ளைகள் தோட்டங்களிலும் கம்பத்துக் கிராமங்களிலும் எங்கெங்கே இருக்கிறார்கள், அவர்களால் எவ்வளவு பார்க்க முடிகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பயிற்சியாளரும் தத்தம் ஊர்ப் பக்கம் வீடு வீடாகப் போய்க் கேள்விப் படிவமான பாரத்தை நிரப்பி வரவேண்டும். கேள்விகள் மலாயில் இருந்தன. தமிழ் வீடுகளுக்காக நான்தான் மொழிபெயர்த்தேன். பொழுது சாய்ந்தபின் தடுமாறுகிறதா? பக்கத்திலிருந்து வருவது தெரிகிறதா? தரையில் இருக்கும் பொருளில் இடித்துக்கொள்கிறதா? ஒவ்வொரு கேள்வியையும் தோட்டத்துத் தாய் ஒருத்திக்குப் புரிகிற மாதிரி மாற்றி மாற்றி எழுதினேன். அவ்வளவு கேள்விகளை எழுதியும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

எந்தத் தோட்டங்களுக்குப் போக விருப்பம் என்று கேட்டார்கள். அந்தப் பெண் ஏறுகிற தோட்டத்தை முதலில் எழுதினேன்.

இதை நான் யாரிடமும் ரொம்ப நாள் சொன்னதில்லை. அரசாங்க முத்திரை வைத்த பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என் கணவரின் சேதி தேடி அந்தத் தோட்டத்துக்குப் போனேன்.

அங்கே என்னை யாரும் வரவேற்கவில்லை. "கண்ணு தெரியாத புள்ளைங்களைப் புடிச்சுட்டுப் போறாங்களாம்" என்று எனக்கு முன்னால் சேதி போயிருந்தது. முதல் வீட்டில் பையனை உள்ளே வைத்துக்கொண்டே அவன் ஊரில் இல்லை என்றார்கள். இரண்டாவது வீட்டில் ஒரு தாத்தா பாரத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கையெழுத்து மட்டும் கேக்காதீங்கம்மா" என்றார். தோட்டப் பள்ளியின் தலைமையாசிரியர் கொடுத்த பட்டியலில் மூன்றாவதாக ஒரு சிறுமியின் பெயர் இருந்தது. லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு. கதவைத் திறந்தவள் அந்தப் பெண்.

நான் யார் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. "வாங்க டீச்சர்" என்றாள். நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டாள். வாசலில் அவள் மகள், ஒன்பது வயதிருக்கும், குந்தி உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கல்லைச் சரியாக எடுத்துப் போட்டாள்.

"இவளா? இவளுக்குப் பார்வை இருக்கே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. பள்ளிக்கூடத்துலயும் அதான் சொன்னாங்க. பசப்புறாளாம். கீழ கெடக்கிற ஊசியை எடுத்துருவா டீச்சர். ஆனா பக்கத்துல இருக்கிற வாளி தெரியாது, இடிச்சுக்குவா. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்துல இருக்கிற டம்ளரைத் தட்டி விட்டுருவா. பொழுது சாஞ்சா வாசலை விட்டு எறங்க மாட்டா. கூப்பிட்டா தலைவலின்னு சொல்லுவா. அலுப்புன்னு சொல்லுவா."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். பேனா நின்றது.

போன வாரம் என் வீட்டில் டம்ளர் கவிழ்ந்தது. "எவ இதை இங்க வச்சது?" என்று அவர் எரிந்து விழுந்தார். எப்போதும் வைக்கிற இடத்தில்தான் வைத்திருந்தேன். ஏதோ குற்ற உணர்ச்சியில் கத்துகிறார் என்று எண்ணிக்கொண்டே ஈரத்தைத் துடைத்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணனைப் பத்தி எழுதத்தான் வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"என்ன எழுத?"

அவள் விழித்தாள். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக் கேட்டிருக்கிறாள். வார்த்தை வெளியே வந்துவிட்டது. அதற்குமேல் மறைக்க முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் அவள் பஸ் ஏற நின்றபோது, என் கணவர் அவளுக்கு மிகப் பக்கத்தில் உரசுகிற மாதிரி வந்து நிறுத்தினாராம். மற்ற பெண்கள் அவரைத் திட்டினார்கள். அவளுக்கு மட்டும் மகளின் நடை ஞாபகம் வந்தது. அவர் தலையை வீட்டுக் கோழி மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்ப்பதை ஒரு வாரம் கவனித்திருக்கிறாள். அப்புறம் ஒரு நாள் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். "அண்ணே, எடது பக்கம் சைக்கிள்" என்றாளாம். அவர் வேகத்தைக் குறைத்தாராம். அன்றிலிருந்து அதுதான் அவளுடைய இடம்.

"புள்ளையைப் பக்கத்து வீட்ல விட்டுட்டு ஓடி வர எனக்கு அஞ்சு நிமிஷம் தாமதமாவும் டீச்சர். அண்ணே நின்னு ஏத்திட்டுப் போவாரு. வேற டிரைவர் நிக்க மாட்டாங்க. எனக்கும் அந்த வேலை வேணும். அதான்."

இன்னொருத்தியோடு உறவு இருந்திருந்தால் எனக்குக் கோபம் மட்டும் வந்திருக்கும். இது வேறு மாதிரி இருந்தது. மற்றவர்களின் கண்ணை அளக்கப் படித்தவள் நான். என் வீட்டில் என்னோடு சாப்பிட்டுத் தூங்குகிற மனிதரின் கண்ணைத் துணி ஆலைக்குப் போகிற ஒருத்தி பார்த்துக் கண்டுபிடித்திருந்தாள். அவர் அதை என்னிடம் சொல்லாமல், அவளிடம் சொல்லாமலே விளங்க வைத்திருந்தார்.

பாரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். "அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவரைக் கூடத்தில் உட்கார வைத்தேன். நல்ல வெளிச்சம் இருந்தது. "என் மூக்கைப் பாருங்க. கண்ணை எடுக்கக் கூடாது. என் விரல் எப்பத் தெரியுதோ அப்பச் சொல்லுங்க" என்றேன். பாடத்துக்காகத்தான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். காதுப் பக்கத்திலிருந்து விரலை மெல்ல முன்னால் கொண்டு வந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கன்னத்தைத் தாண்டினேன். என் விரல் அவர் முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் "இப்ப" என்றார். சிரிப்பு நின்றிருந்தது.

"எத்தனை நாளா?"

"ராத்திரியில மட்டுந்தான் மோசம்."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"ரெண்டு வருஷம் இருக்கும்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாரத்துல என் பேரை எழுதப் போறியா?"

 நான் அவரை வேவு பார்த்தேன் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் என்னை அவர் அந்தத் தோட்டத்துக்காரர்கள் பார்த்த மாதிரியே பார்த்தார்.

பஸ் ஓட்டக்கூடாது என்றேன். பஸ்ஸில் நாற்பது பெண்கள் வருகிறார்கள் என்றேன். சரி என்றார். தீபாவளி முடியட்டும் என்றார். கொஞ்சம் கழித்து, வருஷக் கடைசியில் சொல்லிவிடுகிறேன் என்றார். அவர் சொன்ன ஒன்றையும் நான் நம்பவில்லை. விடுமுறை முடிய இரண்டு நாள் இருந்தபோது, விடியுமுன் அவரோடு நானும் பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் சம்சாரம் ஊர் பார்க்க வந்திருக்கிறாள் என்று பெண்கள் கேலி செய்தார்கள்.

அந்தப் பெண் தன் இடத்தில் உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பின்னால். "எடது பக்கம்", "மோட்டார்", "ரெண்டு பேரு நடந்து போறாங்க", அவ்வளவுதான் அவள் பேச்சு. ஊரெல்லாம் கதை கட்டிய பேச்சு அது. லகாட் தாண்டிச் சுண்ணாம்புக் குன்றை ஒட்டிப் பாதை வளைகிற இடத்தில், பின்னாலிருந்து ஒருத்தி அவளைக் கூப்பிட்டு ஏதோ கேட்டாள். அவள் திரும்பினாள். இடது பக்கச் சந்திலிருந்து மரவள்ளிக் கிழங்கு மூட்டையை வைத்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவர் பாதையில் இறங்கினார். எனக்குத் தெரிந்தது. என் கணவருக்குத் தெரியவில்லை.

நான் கத்தினேன். பஸ் குலுங்கி நின்றது. பெண்கள் முன்னால் சாய்ந்து விழுந்தார்கள். சைக்கிள் கீழே கிடந்தது. கிழவர் அதற்குப் பக்கத்தில் நின்று, கிழங்குகள் உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் படவில்லை. என் கணவர் இறங்கிக் கிழங்குகளைப் பொறுக்கினார். கை தேடித் தேடிப் போனது. மூன்று கிழங்கு அவர் காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தன. அந்தப் பெண்தான் ஓடிப் போய் எடுத்தாள்.

அன்று பத்து மணிக்கு ஆலையின் போக்குவரத்து மேலாளரைப் பார்த்தேன். கணவரிடம் சொல்லாமல் போனேன். மேலாளர் சீனர், பொறுமையாகக் கேட்டார். போன வருஷம்தான் கண் சோதித்தோம், எல்லா வரியும் படித்தாரே என்றார். எழுத்தைப் படிக்க வைத்தால் அவர் படித்துவிடுவார், பக்கத்தில் வருவது தெரிகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள் என்றேன். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். மறுநாள் கோலாலம்பூர் போய்விட்டேன்.

பத்தே நாளில் அவரை ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆலைக் கிடங்கில் துணிக்கட்டு எண்ணும் வேலை கொடுத்தார்கள். நான் ஊருக்கு வந்தபோது வெயிலில் படியில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பொம்பளைதான் சொல்லியிருக்கா" என்றார். "அவ ஒருத்திக்குத்தானே தெரியும். அன்னிக்குப் பயந்துட்டா போல. நம்பி வச்சிருந்தேன்."

அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்பது அவருக்கு ஏன் தோன்றவில்லை? ஒருவேளை தோன்றியிருக்கலாம். நான் இல்லை என்று சொல்ல ஓர் இடம் விட்டுப் பார்த்திருக்கலாம். நான் உள்ளே போய் அரிசி களைந்தேன்.

இரண்டு மாதம் அப்படியே போனது. ஆய்வு வேலையை முடிக்க நான் மறுபடி அந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவள் வீட்டில் பகலிலேயே இருந்தாள். புது டிரைவர் நிற்பதில்லை, ஒரு மாதத்தில் நாலு தடவை பஸ்ஸைத் தவறவிட்டாள், ஆலையில் நிறுத்திவிட்டார்கள். இப்போது செம்பனைக்குக் கீழே புல் வெட்டும் குத்தகை வேலைக்குப் போகிறாள். இந்த முறை நாற்காலி போடவில்லை.

"அண்ணே என்னைப் பாத்தா மொகத்தைத் திருப்பிக்கிறாரு" என்றாள். "எழுத்து படிக்கச் சொல்லியிருந்தா அண்ணே படிச்சிருப்பாரு. பக்கத்துல தெரியுதான்னு பாருங்கன்னு அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? எனக்கு அதெல்லாம் தெரியாது டீச்சர். அது உங்க பாரத்துல இருந்த கேள்வி."

"நான் சொன்னது தப்பில்லை. யாராவது செத்திருப்பாங்க."

"சொன்னது தப்புன்னு நான் சொல்லவேயில்லையே" என்றாள்.

பாரத்தை நீட்டினேன். அவள் தொடவில்லை. "என் புள்ளையப் பத்தி நீங்க ஒண்ணும் எழுத வேணாம். நீங்க எழுதுறது எங்க போவுதுன்னு எனக்குத் தெரியல."

அன்று மாலையே அவரிடம் சொன்னேன். நான்தான் போனேன், நான்தான் அப்படிச் சோதிக்கச் சொன்னேன், இரண்டு மாதமாக அவள்மேல் பழியைப் போட விட்டேன். அவளைச் சந்தேகப்பட்டுக் காப்பிக் கடையில் உட்கார்ந்த கதையையும் சொன்னேன்.  மேலாளரிடம் நான் போனதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. காப்பிக் கடை விஷயத்துக்குத்தான் தலையை என் பக்கம் முழுதாகத் திருப்பினார். "கேட்டிருக்கலாமே" என்றார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் தனியாக அந்தத் தோட்டத்துக்குப் போய் வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. கிடங்கில் அவளுக்கு ஒரு வேலை கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. அவரையும் அவளையும் பற்றி ஊரில் கட்டிய கதை மட்டும் போகவில்லை. தனியாக அவள் வீட்டுக்குப் போனார் என்று அதற்கு இன்னொரு வாலும் முளைத்தது.

ஆய்வறிக்கை வெளிவந்தபோது எங்களுக்கெல்லாம் ஒரு பிரதி கொடுத்தார்கள். எங்கள் வட்டாரத்துப் பகுதியில் நான் சேகரித்த பாரங்களின் சாரம் இருந்தது. பக்கப் பார்வை சுருங்கிய பிள்ளைகளை ஆசிரியர்கள் நடிக்கிறார்கள் என்று எண்ணிவிடுவதைப் பற்றி விரிவுரையாளர் ஒரு பத்தி எழுதியிருந்தார். அதற்கு உதாரணமாகச் சொல்ல வேண்டிய சிறுமி அதில் இல்லை.

பயிற்சி முடிந்து ஈப்போவில் ஒரு பள்ளியில் பார்வைக் குறைவுள்ள பிள்ளைகளுக்கான அறையில் வேலை கிடைத்தது. அந்தச் சிறுமியைச் சேர்க்கச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினேன். பதில் இல்லை. என்னோடு பயிற்சி பெற்ற வேறொரு ஆசிரியை, என் பெயரைச் சொல்லாமல் தாயைப் பார்த்துப் பேசி, மறு வருஷம் மகளை அழைத்து வந்தாள். பிள்ளைக்கு ஒரு வருஷம் போனது போனதுதான். என் கணவருக்குக் கைத்தடி பிடித்து நடக்கக் கற்றுக் கொடுத்ததும் அந்த ஆசிரியைதான். நான் சொல்லிக் கொடுக்க முன்வந்தேன். "நீ வேணாம்மா. நீ பாத்துக்கிட்டே இருப்பே" என்றார்.

சேர்க்கை நாளில் அந்தத் தாய் வராந்தாவில் என்னைப் பார்த்துவிட்டாள். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. மகளின் பையை என் மேசைமேல் வைத்தாள். சேர்க்கைப் பாரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தன்னிடம் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். ஒரு வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். மறுபடி படித்தேன். அதற்கப்புறம் கையெழுத்துப் போட்டாள்.